வலது தோளில் முந்தானை

அக்கா வரையும் மணப்பெண்கள் யாரும் சிரிப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் நானும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தாள். நுண்ணோக்கிக்கு முன் குனிந்து உட்கார்ந்து மின்னணுச் சில்லுகளில் பழுது தேடுவதுதான் வேலை. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அந்த இரண்டு நாட்களில் எண்ணெய் வண்ணம் பழகினாள். நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். பின்னர் வட மாநிலச் செய்தியாளராக ஊர்ப்பக்கம் வந்தேன். இப்போது இருவருக்கும் வேலை இல்லை. லூனாஸில் ஒரு தாமானில், வரிசைக் குடியிருப்பு வீட்டில் இருக்கிறோம். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஓவியங்கள் நிற்கின்றன. கார் வெயிலில் நிற்கிறது.

மணப்பெண்களை ஏன் வரைகிறாள் என்பதற்குக் காரணம் தொழிற்சாலைதான். கல்யாண விடுப்பு முடிந்து வருகிற பெண்கள் ஆல்பத்தைக் கொண்டுவந்து உணவு இடைவேளையில் காட்டுவார்கள். அக்கா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ஒட்டாமல் விட்ட படங்கள் எங்கே என்று கேட்பாள். கண் மூடிய படம், வாய் திறந்த படம், பாதி உடம்பு வெட்டுப்பட்ட படம். புகைப்படக்காரர்கள் கழித்துப்போட்டதை எல்லாம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் பழுதானதைத் தேடிப் பழகிய கண் வேறு எதைத் தேடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அப்படி வரைந்தவை பதினெட்டு. அலங்காரக் கடை நாற்காலியில் தலை நிறைய ஊசியோடு தூங்கிப்போன பெண். மருதாணிக் கையை மடக்கி, விரல் மூட்டால் போனைத் தட்டிக்கொண்டிருக்கும் பெண். தேவாலயப் படியில் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் இன்னொருத்தி. கீழே காலில் ரப்பர் செருப்பு. பட்டுச்சேலைக்கு மேல் குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு வாழை இலையில் சோறு பிசைகிற பெண்ணின் படம்தான் எல்லாவற்றிலும் பெரியது. நகைக்கு அவள் தங்க நிற வண்ணம் பயன்படுத்துவதில்லை. மஞ்சள் காவி, பழுப்பு, ஒரு பொட்டு வெள்ளை. தள்ளி நின்றால் தங்கம்; கிட்டே போனால் கடுகு.

அவளுக்கு ஒரு விதி உண்டு. படத்தில் இல்லாததை வரையமாட்டாள். படத்தில் இருப்பதை விடவும் மாட்டாள். வியர்வை இருந்தால் வியர்வை.

பதினெட்டையும் ஒருமுறை காட்சிக்கு வைத்தோம். லூனாஸில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். ஆடி மாதம். கல்யாணம் நடக்காத மாதம் என்பதால் மண்டபக்காரர் சுவரைச் சும்மா கொடுத்தார். ஆக, பெண் கேட்டும் யாரும் போகாத மாதத்தில் பதினெட்டு மணப்பெண்கள் கை கழுவும் தொட்டி வரைக்கும் வரிசையாகத் தொங்கினார்கள்.

நல்ல கூட்டம். நகைக்கடை வைத்திருப்பவரின் மனைவி ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏன் சிஸ்டர், ஒரு பொண்ணு மூஞ்சியிலயும் சந்தோசமே இல்லையே?”

“சந்தோசமாத்தான் லா இருக்கா. தலையில ஊசி குத்துது,” என்றாள் அக்கா.

“நீங்க கல்யாணம் பண்ணிக்கல இல்ல? அதான் இப்படித் தெரியுது உங்களுக்கு.”

“இவ பண்ணிக்கிட்டா,” என்று அக்கா என்னைக் காட்டினாள். “கேட்டுப் பாருங்க.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், சோறு பிசைகிற பெண்ணின் படத்துக்கு முன்னால் ஒருத்தி வெகுநேரம் நின்றாள். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாள். தலைக்கவசம் இடுப்பில் குடம் போல இருந்தது. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு செம்பனை நாற்றுப் பண்ணையில் நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை என்று பிற்பாடு சொன்னாள். அக்காவை அவள் டீச்சர் என்றே கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்டு மெதுவாகப் பேசுகிற பெண்கள் எல்லாரும் டீச்சர்தான்.

“டீச்சர், எம் மக கல்யாணத்த இப்படி வரைஞ்சு குடுக்கணும்.”

“போட்டோ இருக்கா?”

“ஒன்னே ஒன்னுதான்.” போனில் எடுத்துக் காட்டினாள். மணையில் பெண்ணும் மாப்பிள்ளையும். பின்னால் இரண்டு பெண்கள். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றிவருகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி தேங்காய் மேலிருந்த தாலியைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் படத்தை எடுத்தவளின் காதும் கம்மலும்.

“இதுல நான் இல்ல டீச்சர். நீங்கதான் சேக்கணும்.”

“இல்லாதவங்கள நான் சேக்கறதில்லைங்க.”

“செத்துப்போன அப்பாவ எல்லாம் சேத்துக் குடுக்குறாங்களே, கூலிம்ல ஒரு கடையில.”

“அப்ப அங்க போங்க.”

“போனேன் லா.” போனில் இன்னொரு படத்தைத் தள்ளிக் காட்டினாள். அதில் அவள் தலை வேறு யாருடைய உடம்பின் மேலோ இருந்தது. “பாருங்க இத. நெக்லஸ் எல்லாம் போட்டுருக்கேன். நான் இவ்வளவு குண்டா?”

அக்கா அவள் உடம்பையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, இல்லை என்றாள்.

கல்யாணம் நடந்தது கொரோனா காலத்தில், மாநில எல்லைகள் மூடியிருந்தபோது. மாப்பிள்ளை வீடு பக்கத்து மாநிலமான பேராக்கில். அங்கே அவர்கள் வீட்டுக் கோயிலில் ஏழெட்டுப் பேரோடு தாலி கட்டினார்கள். புகைப்படக்காரர் இல்லை. இவள் புக்கிட் செலம்பாவ் வீட்டில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

“தாலி கட்டுற நேரம் லைன் போச்சு டீச்சர். மாப்பிள்ள கை பாதியில நின்னுருச்சு. ரொம்ப நேரம் அப்படியே நிக்கிது. நான் இந்தப் பக்கம் மஞ்ச அரிசிய கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். போடலாமா வேணாமான்னு தெரியல.”

“நீங்க போக முடியலையா?” என்று நான் கேட்டேன்.

“பாலாய்ல சூராட் கேட்டேன். குடுக்கல.”

அந்த மாதங்களில் கல்யாணத்துக்காக எல்லை தாண்ட வேண்டிய பெற்றோர் போலீஸ் நிலையத்தில் கடிதம் வாங்க வேண்டும். கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நான் பேட்டி எடுத்து எழுதியிருக்கிறேன். எந்த நிலையம், என்ன காரணம் சொன்னார்கள் என்று அடுத்த கேள்வி தானாக வரும். அன்றும் வந்தது; நான் கேட்கவில்லை. அவள் தலைக்கவசத்தின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி வீட்டுல நாலு வருசமா ஒரே பேச்சுதான்,” என்றாள். “எந்த விசேசத்துக்குப் போனாலும், இவங்கதான் கல்யாணத்துக்கு வராத அம்மான்னுதான் மத்தவங்களுக்குச் சொல்லுவாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க. தை மாசம் மக புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறா. நடு ஹால்ல ஒரு படம் மாட்டணும். அதுல நான் நிக்கணும்.”

அக்கா முடியாது என்றாள். அடுத்த வாரம் அவள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். அப்போதும் அக்கா முடியாது என்றாள். மூன்றாம் முறை அவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே அரக்குப் பட்டுச்சேலை. மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கியது, உடுத்தவே இல்லை. நான்கு வருடம் ஒரே மடிப்பில் இருந்ததால் மடிப்பின் ஓரம் வெளுத்திருந்தது.

அக்கா சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் விதியைக் கொஞ்சம் வளைத்தாள்.

“நீங்க அங்க நின்னத நான் வரையமாட்டேன். நிக்கல. இங்க நிக்கிறத வரையலாம். உள்ள போய்க் கட்டிக்கிட்டு வாங்க.”

அப்படியாக அவள் எங்கள் கார் கொட்டகையில் மகளின் தாலியை ஆசீர்வதித்தாள். தாலித் தட்டு எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு. தேங்காய் லூனாஸ் சந்தையில் வாங்கியது. வேலை முடிந்ததும் சட்னியாயிற்று. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

மற்றவர்களை அக்கா போன் படத்தைப் பெரிதாக்கி வரைந்தாள். ஒருநாள் தூரிகையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏய், இங்க வா. பொண்ணுக்கு முந்தானை வலது தோள்ல இருக்கு.”

போய்ப் பார்த்தேன். இருந்தது. பின்னால் நின்ற இரண்டு பெண்களுக்கும் அப்படியே.

“வடநாட்டுக் கட்டு,” என்றேன். “இப்ப அது ஒரு பேஷன்.”

“பின்னாடி நிக்கிற ரெண்டு பேருக்கும் அறுபது வயசு இருக்கும்.”

“மாப்பிள்ள வீட்டு வழக்கமா இருக்கும்.”

அக்கா படத்தில் இருப்பதை வரைகிறவள். வரைந்தாள். நான் இருபது ஆண்டுகள் செய்திப் படங்களுக்குக் கீழே ‘இடமிருந்து வலம்’ என்று எழுதிப் பெயர் போட்டவள். ஒருமுறை தலைகீழ் வரிசையில் பெயர் போட்டு, கோயில் தலைவரைப் பொருளாளராக்கி, அதற்கு மன்னிப்பும் அச்சிட்டவள். கண்ணெதிரே இருந்த ஒன்றுக்கு இரண்டு பேரும் சேர்ந்து விளக்கம் கண்டுபிடித்து நிம்மதியானோம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த நாற்றுப் பண்ணை அம்மா வந்தாள். மகளுக்குப் படத்தைப் பற்றி வழியில்தான் சொல்லியிருக்கிறாள். மகள் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள். எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகியவள். அக்கா மேலே மூடியிருந்த துணியை எடுத்தாள்.

நல்ல படம். இதை நான் தங்கை என்பதால் சொல்லவில்லை. ஹோமப் புகைக்குக் கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு பெண் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் தாலித் தட்டும், அதைத் தொடுகிற கைகளும். அரக்குச் சேலையில் அம்மா. அவள் முகத்தை மட்டும் அக்கா நான்கு முறை சுரண்டிவிட்டு வரைந்திருந்தாள்.

அம்மா முதலில் தன்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

“டீச்சர், பொண்ணு எங்க உக்காந்திருக்கா?”

“மணையில.”

“எந்தப் பக்கம்?”

“போட்டோவுல இருந்த பக்கம்.”

“மாப்பிள்ளைக்கு இடது பக்கம் உக்காந்திருக்கா. தாலி ஏறுனதுக்கு அப்புறந்தான டீச்சர் இடது பக்கம் மாத்தி உக்கார வைப்பாங்க? தாலி இன்னும் தட்டுலயே கெடக்கு.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவள் மணையில் உட்கார்ந்ததில்லை; தெரியாமல் இருக்கலாம். நான் உட்கார்ந்திருக்கிறேன். வலது பக்கம் உட்கார்ந்து, எழுப்பி இடது பக்கம் மாற்றப்பட்டும் இருக்கிறேன்.

மகள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

“அம்மா, இது அவர் வீட்டு அண்ணி எடுத்த செல்பி. அவங்க போன்ல செல்பி எடுத்தா எல்லாத்தையும் திருப்பித்தான் வைக்கும். கண்ணாடியில பாக்குற மாதிரி. இங்க பாருங்க, முந்தானை எல்லாம் வலது தோள்ல. பெரியத்த பீச்சாங்கையால தாலியத் தொடுது.” சிரிப்பு நடுவில் நின்றது. “நீங்க மட்டும் நேரா இருக்கீங்க.”

அதுதான் விஷயம். கோயிலில் இருந்த எல்லாரும் திரும்பியிருந்தார்கள். கார் கொட்டகையில் நின்றவளுக்கு முந்தானை இடது தோளில். வலது கை தாலி மேல். கல்யாணத்துக்கு வராத ஒருத்தி மட்டும் முறைப்படி நின்றாள்.

அக்கா குளியலறைக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து படத்துக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் கல்யாணம் சரியாக நடந்துகொண்டிருந்தது. அம்மா இடது கையால் ஆசீர்வதித்தாள்.

“முழுசும் திரும்ப வரையறேன். தப்பு என்னோடது. ஆனா தைக்குள்ள காயாது.”

“தைக்கு வேணும் டீச்சர்.”

“இப்படியே மாட்ட முடியாதும்மா,” என்றாள் மகள். “அத்தை வீட்டுல எல்லாரும் சேலை கட்டுறவங்க. ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சுருவாங்க, உங்கள அப்புறமா சொருகுனதுன்னு.”

“சொருகுனா என்ன? சூராட் கெடைக்கலன்னு நான் சொல்லிட்டேன்ல?”

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். பாலர் பள்ளிக் குரல் இறங்கிவிட்டது.

“கெடைச்சுச்சும்மா.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான். பாலாய்ல குடுத்த அன்னைக்கே படம் புடிச்சு எனக்கு அனுப்புனீங்க. சாப்பு முத்திரை எல்லாம் தெளிவா இருந்துச்சு. அப்புறம் அழிச்சுட்டீங்க. நான் அதுக்குள்ள பாத்துட்டேன்.”

நானும் அக்காவும் வீட்டுக்குள்ளே போயிருக்கலாம். அக்கா கையில் குளியலறைக் கண்ணாடி இருந்தது; நான் வாசலை மறித்துக்கொண்டிருந்தேன். யாரும் நகரவில்லை.

“ஏன் இத்தன நாளா கேக்கல?” என்றாள் அம்மா.

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அம்மா படத்திலிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“அவன் உன்னவிட ரெண்டு வயசு சின்னவன்.”

“இன்னமும் ரெண்டு வயசுதான்மா.”

“சூராட்ட வச்சுக்கிட்டு ரெண்டு நாளு யோசிச்சேன். போவோம்னு முடிவு பண்ணுனப்ப நாள் போச்சு.” மகளைப் பார்த்து, “மஞ்ச அரிசியோட நின்னேன்ல, அது பொய்யில்ல,” என்றாள்.

“போன்ல தெரிஞ்சுச்சு. எங்களுக்கு உங்க லைன் கட்டாகல.”

போனில் மாப்பிள்ளையின் கை நின்றுபோனது அவள் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கத்தில் எல்லாரும், கையில் அரிசியோடு போடாமல் நிற்கிற அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வராத அம்மா என்று சம்பந்தி வீட்டார் சிரித்துச் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது.

மகள் அக்காவிடம் திரும்பினாள்.

“டீச்சர், மத்தவங்கள விடுங்க. எங்கம்மாவயும் திருப்பிடுங்க.”

“ஆலாமா, பீச்சாங்கையால தாலியத் தொடச் சொல்றியா?” என்றாள் அம்மா.

“பெரியத்த தொட்டுருக்காங்க. எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க. நீங்களும் அப்படியே இருங்க.”

“பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

“போன் திருப்பிருச்சுன்னு சொல்லுவேன். அது உண்மைதான?”

செய்தி அறையில் இது நடந்திருந்தால் நான் மறுத்திருப்பேன். ஒரு பொய்ப் படத்தில் இருந்த ஒரே பிழையைச் சரிசெய்து, அதை நம்பும்படி ஆக்குகிற வேலை. நான் அக்காவைப் பார்த்தேன். இல்லாததை வரையாதவள். அவள் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவின் வலது கையையும் தோளையும் எவ்வளவு சுரண்ட வேண்டும் என்று விரலால் அளந்துகொண்டிருந்தாள்.

“ரெண்டு வாரம்,” என்றாள். “மெல்லிசாப் போட்டா தைக்குள்ள காஞ்சுரும். ஆனா நீங்க மறுபடி நிக்கணும். மனசுக்குள்ள திருப்பி எல்லாம் எனக்கு வரையத் தெரியாது.”

அம்மா மகளைப் பார்த்தாள். தன் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். நாற்றுப் பையின் மண் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. பிறகு உள்ளே போனாள்.

அரக்குச் சேலை அன்று இல்லை. என்னுடைய ஒன்றைக் கொடுத்தேன். மகள்தான் உடுத்திவிட்டாள். கை பழக்கத்தில் முந்தானை இடது தோளுக்கே போனது. இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார்கள். கொசுவம் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்க மறுத்தது. அறைக்குள்ளிருந்து, “அங்கிட்டு இல்லம்மா, இங்கிட்டு,” என்று மகளும், “எனக்கா சேலை கட்டச் சொல்லிக் குடுக்குற?” என்று அம்மாவும் மாறி மாறிப் பேசுவது கேட்டது. அந்த வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

அம்மா வந்து வெளிச்சத்தில் நின்றாள். நான் தட்டைப் பிடித்தேன். வீட்டில் தேங்காய் இல்லாததால் அக்கா ஒரு பெரிய வெங்காயத்தை வைத்தாள். மஞ்சள் கயிற்றுக்குப் பதில் வயர் துண்டு. அம்மா இடது கையை நீட்டி, நடுவில் நிறுத்தி, மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, தொட்டாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுப் பெண்மணி சந்தைக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியவர், கேட்டுக்கு வெளியே நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“என்னாக்கா, முந்தானைய மாத்திப் போட்டுருக்கீங்க? எங்க பயணம்?”

“கல்யாணத்துக்கு,” என்றாள் அம்மா.

“யாருக்கு?”

“எம் மகளுக்கு.”

“பேசாதீங்க,” என்றாள் அக்கா. “கை இறங்குது.”